காஞ்சிபுரமும் ஒரு கசப்பு இளநீரும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: காஞ்சிபுரத்தில் தறி இருக்கும் வீட்டிலேயே தங்கி நெசவைப் பார்க்க ஆசை, நீங்கள் அப்படித் தங்கியிருக்கிறீர்களா, அனுபவம் எப்படி? தங்கியிருக்கிறேன் அம்மா. 1972ஆம் வருடம், பங்குனி வெயிலில். அனுபவம் எப்படி என்று கேட்டீர்களே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கோபுரப் படங்களையும் புடவைக் கடை விலாசங்களையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நோயாளியின் ரத்தத்தை வாங்கி, தெளிந்த நீரைப் பிரித்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று பெயர் கண்டுபிடிப்பது என் வேலை. என் தங்கை கஸ்தூரியைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பெயர் தணிகாசலம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவையில் அவர் கைக்குத் தெருவில் நல்ல பெயர். கை அப்படி; வாய் மட்டும் கிடையாது. பெற்ற தாய் முன்னால் சுத்தமாகக் கிடையாது.

அவர் ஒரு நாள் கடைக்குப் புடவை கொடுக்கச் சென்னைக்கு வந்தவர், எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போனதும் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்கக்கா. ஊட்ல அம்மா வந்துருக்குது. கஸ்தூரிக்குத்தான். திருவிழாவுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தீங்களாமே, இப்ப வர வாணாம்னு சொல்லச் சொன்னாங்க."

இளைய வாசகர்களுக்காக ஒரு வரி: காய்ச்சலோடு உடம்பில் புள்ளி தெரிந்தால் அது அம்மை, அம்மை என்றால் மாரியம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கொள்வது அன்றைய வழக்கம். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிக்க மாட்டார்கள், வெளியாட்களை விட மாட்டார்கள். முக்கியமாக, மருந்து கொடுக்க மாட்டார்கள். வந்திருப்பவளை மருந்து கொடுத்து விரட்டக் கூடாது அல்லவா?

"காய்ச்சல் வந்து எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"அஞ்சு நாளாவுது. டாக்டர் ஒரு பென்சிலின் ஊசி போட்டாரு. அப்பாலதான் முத்து போட்டுச்சு. ஊசி போட்டதாலதான் ஆத்தா கோவமா வந்துட்டான்னு அம்மா சொல்றாங்க."

"முத்து மொதல்ல எங்க வந்துச்சு? மூஞ்சியிலயா?"

"இல்லக்கா. மணிக்கட்டுல, கணுக்கால்ல. அப்புறந்தான் மேலுக்கு ஏறுச்சு. உள்ளங்கையில கூட இருக்குது."

"நீர் கோத்திருக்கா?"

"அதெல்லாம் இல்ல. தடவினா ஒன்னும் தட்டுப்படல. செவப்பு செவப்பா புள்ளி, அவ்ளோதான். ஆனா தலைய வலிக்குதுன்னு செவுத்துல முட்டிக்கினு அழறாக்கா."

தட்டம்மை காதோரத்திலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் நீர்க்கொப்புளமாக வரும். பெரியம்மை உள்ளங்கைக்கும் வரும், ஆனால் அது கல் போலக் கையில் தட்டுப்படும். மணிக்கட்டில் தொடங்கி, உள்ளங்கையைத் தொட்டு, தடவினால் தெரியாத புள்ளி இந்த மூன்றிலும் சேராது. அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு எங்கள் டாக்டரிடம் ஓடினேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வீட்டுல நாய் இருக்கா?"

இருந்தது. செவலை என்று பெயர். தரையில் பள்ளம் வெட்டி, நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழித்தறி அந்த வீட்டில். மதிய வெயிலுக்குக் குழி குளிர்ச்சியாக இருக்கும் என்பதால், தறி ஓடாத நேரத்தில் செவலைக்கு அதுதான் படுக்கை. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். கரைக்கு நூல் சுற்றிய நாடாவை எறிய கஸ்தூரிதான் குழி விளிம்பில் உட்காருவாள்.

"உண்ணிக் காய்ச்சல்," என்றார் டாக்டர். "டைபஸ் வகையில ஒன்னு."

டைபஸ் என்றால் டைபாய்டு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். படித்தவர்களே அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள், இன்றைக்கும். டைபாய்டு வாய் வழியாகக் குடலுக்குப் போவது. டைபஸ் பூச்சி வழியாக ரத்தத்துக்குப் போவது. அதிலும் பேன் கொண்டுவருவது ஒன்று, எலியின் தெள்ளுப்பூச்சி கொண்டுவருவது ஒன்று, புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கொண்டுவருவது ஒன்று. நாயுண்ணியும் மாட்டுண்ணியும் கொண்டுவருவது புள்ளிக் காய்ச்சல். எங்கள் கூடத்தில் மூன்று குழாய் வைத்து இவற்றைப் பிரிப்போம். குழாய்களுக்கு ஓஎக்ஸ் பத்தொன்பது, ஓஎக்ஸ் இரண்டு, ஓஎக்ஸ் கே என்று பெயர். எந்தக் குழாயில் ரத்த நீர் பால் போலத் திரிகிறது என்பதை வைத்து எந்தப் பூச்சி என்று ஒருவாறு சொல்லலாம். கே என்ற குழாய் திரிந்தால் புதர்ச் சிற்றுண்ணி. அது தெளிவாக இருந்து மற்ற இரண்டும் திரிந்தால் பெரும்பாலும் நாயுண்ணி. சோதனை நல்ல சோதனைதான். ஒரே குறை, இரண்டாவது வாரம் வரை அது வாயைத் திறக்காது.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமா சார்?" என்று கேட்டேன்.

"சரோஜா, ட்யூபுக்காகக் காத்திருந்தா ட்யூப்தான் மிஞ்சும்," என்றார். "பென்சிலின் இதுக்குக் கேட்காது. சல்ஃபா மாத்திரை இன்னும் கெடுக்கும். டெட்ராசைக்ளின் கேட்கும், குளோரம்பெனிக்கால் கேட்கும். நம்ம கணக்கு தப்பாகி இது டைபாய்டாவே இருந்தாலும் குளோரம்பெனிக்கால் அதையும் பார்த்துக்கும். ரத்தத்தைக் கெடுக்கற மருந்து, விளையாட்டில்ல. ஆனா இப்ப வேற வழியில்ல. ஆறு மணிக்கொரு தரம்."

சீட்டு எழுதிக் கொடுத்தார். தணிகாசலத்தை அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டு, விடுப்புச் சொல்லி, மறுநாள் காலை நான் கிளம்பினேன்.

பயண விவரம் கேட்பவர்களுக்கு: அன்று பாரிமுனையிலிருந்து பஸ். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் என்பார்கள். சுங்குவார்சத்திரத்தில் டிரைவருக்குப் பசித்தால் மூன்று. டிக்கெட் இரண்டு ரூபாய்ச் சொச்சம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஊர் சேரும்போது தலைமுடி செம்மண் நிறமாகியிருக்கும். பஸ் நிலையத்தில் இறங்கி ஜட்கா பிடித்தேன். தெருப் பெயரைச் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தணிகாசலம் ஊட்டுக்கா? அம்மா வந்துக்கினு இருக்கற ஊடாச்சேம்மா அது. தெரு முனையில எறக்கி உட்டுர்றேன்."

"ஏன், குதிரைக்கும் அம்மை வருமா?"

"குதிரைக்கு வராதும்மா. எனுக்கு வரும்."

அவர் சொன்னபடி முனையிலேயே இறக்கிவிட்டார். முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசல் நிறைய வேப்பிலை. காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக விட்டார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கஸ்தூரியின் மாமியார் பவுனம்மாளைப் பார்த்ததும் அந்தச் சண்டை பாதியாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர். அப்படிப்பட்டவர் உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டு, வெறும் தரையில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தார். கண்ணில் தூக்கமில்லை. என் அம்மா இருந்திருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க மாட்டாள். கொடுமைக்கார மாமியாராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.

கஸ்தூரிக்கு என்னை அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான். கண் சிவந்து கிடந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், சொன்னபடியே இருந்தது. பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடுப்பில், தீய்ந்த கடுகு ஒட்டியது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. உண்ணி கடித்த இடம். எனக்கு அதற்கு மேல் எந்தக் குழாயும் தேவைப்படவில்லை.

பவுனம்மாளிடம் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அவர் முற்றத்துக்கு வந்து, செவலையை மடியோரம் இழுத்து வைத்துக்கொண்டு, அதன் காதில் அப்பியிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டே கேட்டார். எனக்கு உடம்பு கூசியது.

"அத்தை, அத நசுக்காதீங்க. அந்த ரத்தம் கையில பட்டாலே போதும், காய்ச்சல் வரும். கஸ்தூரிக்கு அதுதான் வந்திருக்கு. மாத்திரை கொண்டாந்திருக்கேன்."

"நாய்க்கு வந்த உண்ணி மனுசாளை இன்னாம்மா பண்ணும்? நான் கல்யாணமாயி வந்த நாளா நசுக்கிக்கினுதான் இருக்கறேன்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா வந்து எறங்கியிருக்கற ஒடம்புல மாத்திரை குடுக்கச் சொல்றியா? ஒரு ஊசிக்கே இந்தப் பாடு. நீ படிச்ச பொண்ணு, ஒன்னும் சொல்லலை. ஆனா என் ஊட்ல வாணாம் கண்ணு."

தணிகாசலம் தறி மேல் தொங்கிய நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராக, "இளநி வாங்கியாரணும், அக்காவும் வரட்டும்," என்றார். சைக்கிள் ரிக்ஷாவில் திருப்பருத்திக்குன்றம் போனோம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், வேகவதி ஆற்றைத் தாண்டி. அங்கே பழைய சமணக் கோவில் இருக்கிறது. மேல்விதானத்தில் வரிசை வரிசையாக ஓவியங்கள். நீங்கள் போனால் அவசியம் பாருங்கள், கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம். நான் அன்று பார்க்கவில்லை. கோவிலைத் தாண்டி ஒரு தோப்பில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மாத்திரைய என்கிட்ட குடுங்கக்கா. நான் குடுத்துர்றேன். அம்மாக்கு மட்டும் தெரிய வாணாம்."

"ஏன் தெரியக் கூடாது? உன் பெண்டாட்டி உசிரு. நேரா நின்னு சொல்லு."

"சொன்னா அவங்க சோறு தண்ணி எறக்க மாட்டாங்கக்கா. சக்கரை ஒடம்பு. இளநியில கலந்துட்டா ஆருக்கும் தெரியாது. ஆருக்கும் மனசு நோவாது."

யாருக்கும் மனசு நோகாது. இந்தச் சொல்லை என் ஆயுளில் பல ஆண்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதற்கான செலவை வேறு யாரோதான் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று எனக்குக் கஸ்தூரி வாயில் மருந்து போனால் போதும். கொல்லைப்புறத்தில் அவர் கேப்சூல் மாத்திரையின் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொடியை இளநீரில் கொட்டிக் கலக்கினார். குளோரம்பெனிக்காலை யாரும் உறை பிரித்துச் சாப்பிட மாட்டார்கள். அதன் கசப்பு அப்படி. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மறுநாள் வரை எழுந்து போகாது. முதல் வாய் உள்ளே போனதும் கஸ்தூரி அரை மயக்கத்திலும் முகத்தைச் சுளித்துத் தலையை உதறினாள்.

"இன்னாடா அது? இளநிக்கு ஏன் மூஞ்சியத் திருப்பறா?" என்றார் பவுனம்மாள்.

தணிகாசலம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வேப்பலைச் சாறு கலந்தேம்மா. ஆத்தாவுக்குக் குளிர்ச்சியாவட்டும்னு."

பவுனம்மாள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "அடேயப்பா. நல்ல கொழுந்தாத்தான் பறிச்சிருக்கற. நல்லாக் கசக்குது. ஊத்து, ஊத்து."

மறுநாள் மாலை தலைவலி விட்டது. அதற்கடுத்த நாள் காலையில் காய்ச்சல் இறங்கி, கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். பவுனம்மாள் வாசலில் போய் நின்று கைகூப்பி அழுதார். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "எம்புள்ள வேப்பலைச் சாறு கலந்து இளநி குடுத்தான். ரெண்டே நாளு. ஆத்தா எறங்கிட்டா பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். கஸ்தூரி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு மாத்திரை விஷயத்தை அவர் சொல்லியிருந்தார் போலும். "வாணாங்கா. நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கதான இருக்கணும்," என்றாள். காய்ச்சலில் வெடித்த உதடு. அந்த உதட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மருந்தை எல்லா நாளும் முழுசாகக் கொடுக்கச் சொன்னேன், நாயைத் தெருவில் கட்டச் சொன்னேன். அதற்கெல்லாம் தணிகாசலம் நன்றாகத் தலையாட்டினார்.

அம்மை இறங்கியதென்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, யாரும் பார்க்காதபோது கஸ்தூரி கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு சென்னை திரும்பினேன். மூன்று குழாய்களையும் வைத்தேன். மறுநாள் காலையில் கே தெளிவாக இருந்தது; மற்ற இரண்டும் திரிந்திருந்தன. நாயுண்ணி. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததில்லை. இதைக் கொண்டுபோய் வைத்து, சுவர் வெடிப்புகளுக்குப் பூச்சி மருந்தடித்து, பவுனம்மாள் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். கஸ்தூரி எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள், இனி அவளுக்கு என்ன பயம்?

மறுபடி விடுப்புக் கிடைக்க இரண்டு வாரமானது. அதே பாரிமுனை, அதே செம்மண். பையில் பூச்சி மருந்துப் பொடி. இந்தத் தடவை ஜட்கா வீட்டு வாசல் வரை வந்தது. வேப்பிலையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி கரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்தாள். செவலை அவள் காலடியில், குழிக்குள்.

"அத்தை எங்கே?"

கஸ்தூரி புருஷனைப் பார்த்தாள். அவர் நாடாவை நிறுத்தவில்லை. "மாமா ஊட்டுக்குப் போனாங்கக்கா, திருப்புட்குழிக்கு. போன எடத்துல அவங்களுக்கும் அம்மா வந்துருச்சாம். இங்க வந்து போவ வாணாம், நாங்களே பார்த்துக்கறோம்னு மாமா சொல்லியனுப்பிச்சாரு."

"எப்ப?"

"ஆறேழு நாளாவுது."

"மருந்து?"

அப்போதுதான் தறி நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இளநியில வேப்பலைச் சாறு குடுக்கறாங்களாம். அம்மாவே கேட்டு வாங்கிக் குடிக்கறாங்களாம்."

நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவில் கூட்டம் கூடியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஊருக்குள் ஒரு மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினேன். அவரையும் இழுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாலுச்செட்டி சத்திரத்தில் இறங்கி நடந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். திருப்புட்குழியில் பெருமாள் கோவில் பெரிது. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பார்கள். வறுத்த பயறு அங்கே முளைக்கும் என்று நம்பி, பிள்ளை வரம் கேட்டு மடியில் கட்டிக்கொண்டு படுக்கும் பெண்கள் இன்றும் வருகிறார்கள். பெண்டாட்டிக்காகப் பேசாத தணிகாசலம் தாய்க்காகப் பேசுவார் என்று நம்பிக்கொண்டே நடந்தேன்.

பவுனம்மாள் கூடத்தில் கிடந்தார். சர்க்கரை உடம்பில் இந்தக் காய்ச்சல் எவ்வளவு மோசமாகப் போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்று பார்த்தேன். கால்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கருநீலமாகியிருந்தன. ஆனால் நினைவு இருந்தது. தலைமாட்டில் பச்சையாய் ஒரு கிண்ணம். உண்மையான வேப்பிலை, உண்மையான இளநீர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டியா கண்ணு. கசக்குதும்மா. கஸ்தூரிக்கும் இப்படித்தான கசந்துச்சு? ரெண்டு நாள்ல சரியாப்பூடும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, கஸ்தூரிக்குக் குடுத்தது வேப்பிலை இல்ல. மாத்திரை. உங்க பிள்ளைதான் உடைச்சு இளநியில கலந்தாரு. அந்த மாத்திரைதான் அவளப் பொழைக்க வெச்சுது. இதோ, அதே மாத்திரை. முழுங்குங்க."

கூடத்தில் பவுனம்மாளின் தம்பி நின்றார், அவர் மனைவி நின்றார், பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். பவுனம்மாளும் தலையை மெல்லத் திருப்பினார்.

"ஏம்பா, மாத்திரையா குடுத்த?"

ஒரே ஒரு ஆமாம். அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தாயைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "வேப்பலைதான்."

பவுனம்மாள் என் கையைத் தட்டிக் கொடுத்தார். கோபமே இல்லை. "பார்த்தியா? எம்புள்ள என்கிட்ட பொய் சொல்ல மாட்டாம்மா," என்றார். உதட்டை மூடிக்கொண்டார். எவ்வளவு கெஞ்சியும் அந்த உதடு திறக்கவில்லை.

பிற்பகலில் நினைவு தப்பியது. அதற்குப் பிறகுதான் ஆண்களுக்கு அவசரம் வந்தது. யாரோ ஒருவருடைய காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி வழியாக அதே மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் விடியும் முன் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தணிகாசலம் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது: "ஆத்தா கூப்ட்டுக்கினா." அன்றிலிருந்து அவர் சாகும் வரை நான் அவரோடு பேசவில்லை. அது பயமா, வெட்கமா, வெறும் பழக்கமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

சரி, வாசகி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தறி வீட்டில் தாராளமாகத் தங்குங்கள். நெசவைப் பார்ப்பது அருமையான விஷயம். தங்கும் இடத்தில் நாய், மாடு இருந்தால் படுக்கையைச் சுவர் வெடிப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். குளிக்கும்போது இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் சாமணத்தால், அதாவது ட்வீசரால், தோலோரம் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், புள்ளி தெரியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் போய், நாய் இருந்த வீட்டில் தங்கினேன் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடலாம். இப்போது இதற்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்தைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் கேட்கிறது. குளோரம்பெனிக்காலை யாரும் இப்போது எளிதில் தொடுவதில்லை. எந்த மருந்தையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பஸ்கள் இப்போது அடிக்கடி இருக்கின்றன, ரயிலும் இருக்கிறது. செம்மண் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு கடைசியாகப் போயிருந்தேன். கஸ்தூரி இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். அன்று அவளுக்கு லேசான காய்ச்சல், வெறும் சளிக் காய்ச்சல்தான், நான் பார்த்துவிட்டேன். எதிர் வீட்டு மருமகள், சின்னப் பெண், கையில் ஒரு டம்ளரோடு வந்தாள். "ஆண்ட்டி, பவுனம்மா இளநி போட்டுக்கினு வந்துருக்கறேன், ஒடனே குடிச்சிருங்க." என்ன அது என்று கேட்டேன். இந்தத் தெருவில் எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் இதுதானாம். வேப்பங்கொழுந்தை அரைத்து இளநீரில் கலப்பது. அந்தக் காலத்தில் பவுனம்மா என்று ஒருவர் தன் மருமகளை இதைக் கொடுத்தே பிழைக்க வைத்தாராம். "இந்த ஊட்லதான் நடந்துச்சாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டாள்.

கஸ்தூரி டம்ளரை வாங்கி, அந்தப் பெண் போகும் வரை நின்று, ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்தப் பேச்சை அவளாக எடுத்தாள்.

"அன்னிக்குக் கசந்த கசப்பு இதுல இல்லக்கா."